காலடிக் காற்று

குளிர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் யாரும் ஜன்னலைத்தான் காட்டுவோம். மார்கழி விடியற்காலையில் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டால் பாதிக் குளிர் போய்விடும். மீதிக்கு ஒரு போர்வை இருக்கிறது. அதற்கு மேல் குளிரைப் பற்றி யோசிக்க நமக்கு அவசியம் ஏற்பட்டதில்லை. நம் பெரியவர்கள் வீடு கட்டும்போது நினைத்துக் கட்டியதெல்லாம் வெயிலை. கூடத்துக்கு முற்றம், தெருவுக்குத் திண்ணை, கால் வைத்தால் ஜில்லென்றிருக்கும் சிவப்புச் சிமெண்டுத் தரை. சித்திரை மாதத்துப் பகலில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு அந்தத் தரையில் வெற்று முதுகோடு படுத்துப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தரை வழியாகவும் குளிர் வரும், அது ஒரு மனுஷியை வீட்டைவிட்டே கிளப்பிவிடும் என்பதை நான் ஷெபீல்டில்தான் பார்த்தேன்.

ஷெபீல்டு இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஊர். கத்தியும் கரண்டியும் எஃகும் செய்து பேர் வாங்கிய ஊர். குன்றுகளின்மேல் ஏறியும் இறங்கியும் தெருக்கள் போகும். என் தங்கை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் மாப்பிள்ளையும் கடன் வாங்கி வாங்கிய வீடு 1890களில் கட்டியது. நம் அக்கிரகாரத்து வீடுகளைப்போல ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று. வெளியிலிருந்து பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உள்ளே முன்கூடத்தில் பழைய பைன் மரப் பலகைத் தரை. நூறு வருஷத்துக்கு மேல் மிதிபட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் தங்கை வீட்டுக்கு ஆசைப்பட்டாள்.

எங்கள் அம்மாவுக்கு எழுபத்துநாலு வயது. என்னோடு மாயவரத்தில் இருக்கிறாள். மகள் வீட்டில் நிரந்தரமாக இருக்க அவளுக்கு அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்காது. 2012 ஜூலையில் விதிகளை இறுக்கிவிட்டார்கள். வயதான தாய் தகப்பனை அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், அவர்களுக்கு அன்றாடம் ஒருவர் கூடவே இருந்து செய்யவேண்டிய நிலை வந்திருக்க வேண்டும். அந்தப் பணிவிடை பணம் கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும். நடமாட்டமாக இருக்கிற அம்மாவுக்கு அந்த வழி இல்லை. விருந்தாளியாக வரலாம், ஒரு தடவைக்கு ஆறு மாதம். ஆகவே வருஷத்தில் சில மாதமாவது அம்மா தன்னிடம் இருக்கவேண்டும் என்பது தங்கையின் கணக்கு.

2023 அக்டோபரில் அம்மா போனாள். ஐந்து மாதம் என்று போனவள் ஏழாவது வாரமே திரும்பிவிட்டாள். இனிமேல் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். ஏன் என்றால் ஒரு நாளைக்கு ஒரு காரணம். தேங்காய் நன்றாக இல்லை. பேச ஆள் இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. தங்கை போனில் அழுதாள். "என் வீடு அம்மாவுக்குப் பிடிக்கலை அண்ணா. நான்தான் ஏதோ தப்பாப் பேசிட்டேன் போலிருக்கு" என்றாள்.

விஷயம் அதுவல்ல என்று எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. அம்மா எதையும் தரையில் உட்கார்ந்துதான் செய்வாள். காய் நறுக்குவது, பூ தொடுப்பது, சாப்பிடுவது, சாமி கும்பிடுவது எல்லாம் தரையில். ஷெபீல்டுக்கு அரிவாள்மணையைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனவள் அவள். அங்கே தரையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் முழங்கால் மரத்துப்போகும். தங்கை கம்பளம் வாங்கிப் போட்டாள், காலுறை வாங்கினாள், பஞ்சு வைத்த செருப்பு வாங்கினாள். "சோபாவில் உட்காரேன் அம்மா" என்று நாளைக்கு நாலு தடவை சொன்னாள். அம்மா உட்காரவும் உட்கார்ந்தாள். "சோபாவில் உட்கார்ந்தா விருந்தாளியாட்டம் இருக்குடா. மக வீட்ல எத்தனை நாளைக்கு விருந்தாளியா இருக்கிறது?" என்று என்னிடம் பிறகு சொன்னாள். அதுதான் காரணம். தேங்காய் இல்லை.

குளிர் எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவளும் அம்மாதான். கூடத்து மூலையில், தரையோடு தரையாக ஒரு மணை போட்டுச் சாமி படங்களை வைத்திருந்தாள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, திரையும் போட்டிருக்கும். அப்படியும் விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே எரியுமாம். "கீழேயிருந்து காத்து வருது" என்று சொல்லியிருக்கிறாள். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா ஊர் திரும்பிய பிறகு, ஒரு ராத்திரி மாப்பிள்ளைக்கு அது நினைவு வந்திருக்கிறது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு, முழங்காலால் தவழ்ந்து, கூடம் முழுவதும் பலகை இடுக்குகளைச் சுற்றி வந்திருக்கிறார். சுவர் ஓரங்களில் புகை நேரே மேலே எழும்பவில்லை. யாரோ கீழேயிருந்து ஊதுகிற மாதிரி அறைக்குள் சிதறியது. வீட்டில் காற்று ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க அந்த நாட்டு நிபுணர்களும் புகையைத்தான் உபயோகிக்கிறார்களாம். அவர்கள் கருவிக்கு விலை அதிகம். நம்முடையதில் வாசனை அதிகம்.

அந்தக் காலத்து ஆங்கில வீட்டில் தரை என்பது பூமியின்மேல் இருப்பதில்லை. பூமிக்கு மேலே ஒன்று, இரண்டு அடி உயரத்தில் மர உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் பலகை அடித்திருப்பார்கள். அடியில் வெற்றிடம். மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும் தேசம் ஆகையால், அந்த ஈரத்தை வாரிக்கொண்டு போகக் காற்று வேண்டும். அதற்காகத் தெருப் பக்கச் சுவரிலும் கொல்லைப் பக்கச் சுவரிலும், தரைமட்டத்துக்குக் கீழே, துளை துளையாக உள்ள செங்கற்களைப் பதித்திருப்பார்கள். காற்று முன்னால் புகுந்து பின்னால் போகும். மரம் உலர்ந்திருக்கும். எடைக்கு நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈரம் மரத்தில் தங்கினால் பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும் என்பது தச்சர்கள் கணக்கு.

அப்படியானால் அந்த வீடுகளைக் கட்டியவர்கள் குளிரில் நடுங்கினார்களா? நடுங்கியிருக்கலாம், ஆனால் அவர்களுக்கு ஒவ்வொரு அறையிலும் கரி அடுப்பு எரிந்தது. அடுப்புக்குக் காற்று வேண்டும். பலகை இடுக்கு வழியாக வந்த காற்றை அடுப்பு இழுத்துப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்பிவிடும். வீடு ஒழுகினால்தான் நெருப்பு எரியும் என்கிற ஏற்பாடு. 1952 டிசம்பரில் லண்டனில் கரிப்புகையும் மூடுபனியும் கலந்து ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். 1956ல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. 1967லிருந்து பத்து வருஷத்துக்குள் வடகடல் வாயு வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. கரி அடுப்பு அணைந்தது, புகைபோக்கியை அடைத்தார்கள், வெந்நீர் ஓடும் இரும்புத் தகடுகளைச் சுவரில் மாட்டினார்கள். இடுக்குகள் மட்டும் அப்படியே இருந்தன. வெந்நீர்த் தகடு சூடாக்கிய காற்று மாடிக்கு ஏறி மேலே கசிந்து வெளியேற, அது விட்டுப்போன இடத்துக்குக் கீழேயிருந்து குளிர்காற்று வந்து சேரும். தலைக்குச் சூடு, காலுக்குக் குளிர். மாப்பிள்ளை இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றைக் கணுக்கால் உயரத்திலும் ஒன்றைத் தலை உயரத்திலும் வைத்துப் பார்த்தார். ஆறு டிகிரி வித்தியாசம். அம்மா இருந்தது கீழ் வெப்பமானியின் உலகத்தில்.

ஆனால் கீழே எதையாவது அடைக்கலாம் என்றால் லேசான காரியம் இல்லை. பணம் ஒரு பக்கம். 2022 ஏப்ரலில் அங்கே எரிபொருளுக்கு அரசாங்கம் விதித்த உச்சவரம்பு, சாதாரணமான ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 1,277 பவுனிலிருந்து 1,971 பவுனாக ஒரே தாவலில் ஏறியது. அதிலிருந்தே குடும்பங்கள் மிச்சம் பிடிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தன. ஆனால் மிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டால் தரை கடைசியில்தான் வரும். கூரை வழியாகவும் சுவர் வழியாகவும் போகிற சூட்டைவிடத் தரை வழியாகப் போவது குறைவு. போட்ட பணம் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். மாப்பிள்ளை கணக்கு வேலை பார்ப்பவர். இதைக் காகிதத்தில் எழுதியே காட்டினார். தங்கை அந்தக் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அம்மா வருவாங்களா மாட்டாங்களான்னு இதுல எந்த வரியில போட்டிருக்கீங்க?" என்று கேட்டாளாம்.

2024 செப்டம்பரில் நான் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். ஒரே மாதம், அதற்கு மேல் ஒரு நாள் இல்லை என்ற நிபந்தனையோடுதான் வந்தாள். திரும்பும் டிக்கெட்டைத் தன் சுருக்குப்பையிலேயே வைத்துக்கொண்டாள். நாங்கள் போனபோது இரண்டு யோசனைகள் எதிரெதிரே நின்றன. ஒரு கம்பெனியார் வந்து, தரைக்கு அடியில் ரப்பர் குழாயைவிட்டு நுரையைப் பீய்ச்சுவதாகச் சொன்னார்கள். நுரை பொங்கி, உத்தரங்களோடு ஒட்டி, இறுகிவிடும். அரை நாள் வேலை. பலகையைத் தொடவே வேண்டாம். இன்னொரு யோசனை, பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு தச்சருடையது. அறுபதைத் தாண்டியவர். பலகை முழுவதையும் பெயர்த்து, உத்தரங்களுக்கு நடுவே கம்பளியை இட்டு, மறுபடி அதே பலகைகளை அடிக்கவேண்டும் என்றார். நாலு நாள் ஆகும்.

மாப்பிள்ளைக்கு நுரையின் பக்கம்தான் மனம். "அரை நாள் மச்சான்!" என்றார் என்னிடம். தச்சர் வாதாடவில்லை. "மரம் நனையட்டும், பாதகமில்லை. நனைந்தது காயவேண்டும். நுரைக்குள் இருக்கும் மரம் நனைந்தது உங்களுக்குத் தெரியாது; காயவும் காயாது" என்று சொல்லிவிட்டு, ஒரு பலகையை மட்டும் கழற்றிப் பார்க்க அனுமதி கேட்டார். தெருப் பக்கச் சுவர் ஓரத்தில் அகன்ற உளியைக் கொடுத்து நெம்பினார். டார்ச்சு அடித்தார். பிறகு திருப்புளியை எடுத்து ஓர் உத்தரத்தின் நுனியில் குத்தினார். நெய்யில் கத்தி இறங்குவதுபோல இறங்கிற்று.

முன்னே அந்த வீட்டில் இருந்த யாரோ, குளிருக்குப் பயந்து, வெளியே துளைச் செங்கற்களைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார்கள். அடியில் போகிற காற்றும், பலகை இடுக்கு வழியாக வருகிற காற்றும் அவர்களுக்கு ஒன்றாகத் தோன்றியிருக்கிறது. இரண்டும் வேறு. முதலாவதை விடவேண்டும், இரண்டாவதைத் தடுக்கவேண்டும். அவர்கள் முதலாவதைத் தடுத்துவிட்டு இரண்டாவதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். மூன்று உத்தரங்களின் நுனி மக்கிப்போயிருந்தது. அந்த இடத்தில்தான் அம்மா போன வருஷம் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள்.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. இங்கிலாந்தில் வீட்டுக்காரர்கள் பேயைவிட அதிகம் பயப்படுவது ஒரு பூஞ்சணத்துக்கு. செர்புலா லாக்ரிமன்ஸ் என்று பெயர். லாக்ரிமன்ஸ் என்றால் கண்ணீர் விடுவது. ஈரம் மிகுந்த இடத்தில் அதன் உடம்பில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நிற்கும். மரத்தைத் தின்றுவிட்டு, அடுத்த மரத்தைத் தேடிச் செங்கல் சுவரின் சாந்துக்குள் புகுந்தே நூல் நூலாகப் போகும். காட்டில் அதைப் பார்ப்பது வெகு அபூர்வம். அபூர்வமாகப் பார்த்த இடங்களில் ஒன்று நம் இமயமலைச் சாரல். ஆனால் தச்சர் குனிந்து முகர்ந்து, விரலால் மரத்தூளைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது அழுகிற ஜாதி இல்லை; வெறும் ஈர அழுகல்தான்" என்றார். காற்றைத் திறந்துவிட்டால் அதோடு நிற்கும். மக்கிய நுனிகளை அறுத்து எறிந்து, பக்கத்தில் புது மரம் சேர்த்துப் போல்ட்டு முடுக்கினால் போதும். நுரைக் கம்பெனிக்கு மாப்பிள்ளை அன்று சாயங்காலமே வேண்டாம் என்று போன் செய்துவிட்டார்.

பலகை பெயர்த்த இரண்டு நாளும் நான் அந்தப் பள்ளத்தின் கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு உள்ள ஆசைதான். நூற்று முப்பது வருஷமாக மூடிக் கிடந்த இடம்; ஒரு கடிதக் கட்டாவது அகப்படாதா? அந்த நாட்டில் பழைய வீட்டுச் சுவரிலும் தரைக்கு அடியிலும் திருஷ்டிக்கோ எதற்கோ தேய்ந்த செருப்பை ஒளித்து வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. அப்படி அகப்பட்ட செருப்புகளுக்கு நார்த்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பதிவேடே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் செருப்பும் இல்லை, கடிதமும் இல்லை. கரித்தூள், உடைந்த செங்கல், ஒரு கோலிக்குண்டு, கொண்டை ஊசிகள் மூன்று. கோலிக்குண்டை மருமகன் எடுத்துக்கொண்டான்.

நாலு பக்கமும் வலையை உத்தரங்களின்மேல் போட்டு, நடுவே தொய்யவிட்டு அடித்தார்கள். வரிசையாகத் தூளி கட்டினதுபோல இருந்தது. ஒவ்வொரு தூளியிலும் நாலங்குலக் கனத்துக்கு ஆட்டுக் கம்பளியை அமுக்காமல் கிடத்தினார்கள். அமுக்கக்கூடாது என்பதில் தச்சர் கண்டிப்பாக இருந்தார். சூட்டைக் காப்பது கம்பளி இல்லை, கம்பளிக்குள் அகப்பட்டுக்கொண்ட காற்று. இதைக் கண்டுசொன்னவர் ஒரு விசித்திரமான மனிதர். ரம்போர்டு பிரபு என்று பெயர். 1753ல் அமெரிக்காவில் பிறந்தவர். அங்கே சுதந்திரப் போர் வந்தபோது ஆங்கிலேயர்களுக்கு உளவு சொன்னவர். மனைவியைவிட்டுவிட்டுக் கடல் தாண்டியவர். பவேரியாவில் படையைச் சீர்திருத்தும் வேலை கிடைத்தது. சிப்பாய்க்கு எந்தத் துணி கதகதப்பு என்று பார்க்க, வெப்பமானியைச் சுற்றிக் கம்பளி, பட்டு, இறகு, முயல் ரோமம் என்று ஒவ்வொன்றாக அடைத்து, சூடாக்கி, குளிர்நீரில் வைத்து, எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்று கணக்கெடுத்தார். ரோமத்தில் ஒன்றுமில்லை, அது காற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பதில்தான் எல்லாம் என்று எழுதினார். 1792ல் அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தார்கள். நல்ல கணவராக இருந்தார் என்று யாரும் பதக்கம் கொடுத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் உலகத்தில் எத்தனையோ கால்கள் அவரால் சூடாக இருக்கின்றன.

கம்பளிக்கு இன்னொரு குணம். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொண்டு, பிறகு மெல்ல விட்டுவிடும். பக்கத்தில் உள்ள மரத்துக்கு அது நல்லது. விலைதான் அதிகம். அந்த ஓர் அறைக்குக் கம்பளி மட்டும் 300 பவுனுக்கு மேல் ஆயிற்று. பவுன் என்று மாப்பிள்ளை சொன்னதும் அம்மா தூக்கிவாரிப்போட்டவளாகத் தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறொரு சந்தேகமும் வந்தது. சாமி மணை இருக்கிற இடத்துக்கு நேர் கீழே ஆட்டு மயிரா என்று கேட்டாள். தங்கைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது எங்கே போய் முடியுமோ என்று என்னைப் பார்த்தாள். அம்மாவே கொஞ்ச நேரம் யோசித்து, "உங்க தாத்தா பூசைக்குக் கம்பளி விரிச்சுத்தானே உட்காருவாங்க. அப்ப மேலே விரிச்சாங்க, இப்பக் கீழே விரிக்கிறாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்று தச்சருக்கு டிகிரி காப்பி அவள் கையால் கிடைத்தது. அவர் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தாங்க் யூ, லவ்" என்றார். அந்த ஊரில் பஸ் டிரைவர்கூட எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவாராம். "என்ன சொல்றார்?" என்று அம்மா கேட்டாள். "காப்பி நல்லா இருக்காம்" என்று தங்கை மொழிபெயர்த்தாள்.

மின்சாரக் கம்பி கம்பளிக்குள் புதைந்து சூடேறாதபடி விலக்கிக் கட்டினார்கள். வெந்நீர்க் குழாய்களைக் கம்பளிக்கு மேல்பக்கம் கொண்டுவந்தார்கள். தரைக்கு அடியில் இனிமேல் முன்னைவிடக் குளிரும் அல்லவா? குழாய் அங்கேயே கிடந்தால் உறைந்து வெடிக்கும். வெளியே துளைச் செங்கற்களை உடைத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். கடைசியில் ஒரு கனத்த தாளை உத்தரங்களின்மேல் விரித்து, ஓரங்களை நாடா வைத்து ஒட்டி, பென்சிலால் எண் போட்டு வைத்திருந்த அதே பலகைகளை அதே வரிசையில் அடித்தார்கள். பார்ப்பதற்கு எல்லாம் முன்போலவே இருந்தது. நாலு நாள் ரகளையும் பணமும் எங்கே போயிற்று என்று கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அக்டோபர் நடுவில் குளிர் வந்தது. மாப்பிள்ளையின் வெப்பமானிகளில் வித்தியாசம் இரண்டரை டிகிரிக்கு இறங்கியிருந்தது. அதை அவர் எல்லாரிடமும் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை; கேட்டால் தேங்காயைப் பற்றிச் சொல்லுவாள். ஒரு சனிக்கிழமை காலை நான் மாடியிலிருந்து இறங்கி வரும்போது, கூடத்தின் நடுவில் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, வெறும் பலகையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, அரிவாள்மணையில் முட்டைக்கோசு நறுக்கிக்கொண்டிருந்தாள். காலுறை இல்லை. எதிரே பேரன் தரையில் குப்புறப் படுத்துக் கோலிக்குண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் டிக்கெட் தேதியைப் பற்றி அவளே ஆரம்பித்தாள். பொங்கலுக்கு அப்புறம் போனால் ஆகாதா என்றாள். தேதியை மாற்ற விமானக் கம்பெனிக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்று தெரிந்ததும் அரை மணி நேரம் அந்தக் கம்பெனியைத் திட்டினாள். தங்கை பணத்தைக் கட்டிவிட்டாள். நான் மட்டும் பழைய தேதியில் ஊர் வந்து சேர்ந்தேன்.

அடுக்களை பிற்காலத்தில் சேர்த்துக் கட்டியது. அங்கே தரை சிமெண்டு. அடியில் வெற்றிடம் கிடையாது, நுழையவும் வழி இல்லை. கம்பளியில் ஒரு கட்டு மிச்சம் இருக்கிறது. மாப்பிள்ளை அதை வைத்துக்கொண்டு அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தங்கை எழுதியிருக்கிறாள். அம்மா அங்கே தோசை வார்க்கும்போது மட்டும் பஞ்சுச் செருப்புப் போட்டுக்கொள்கிறாளாம்.